பண்டுவுக்கு இரண்டாம் முறை அதிரசம்

கொத்தலங்கா,
வெள்ளிக்கிழமை மத்தியானம்.

சிரஞ்சீவி சத்திபாபுவுக்கு உன் நான்னா ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மருமகள் நாகவேணி, அம்மாஜி, சைக்கிள் கடை, கன்றுக்குட்டி எல்லாரும் சுகம், உன் மகள் பண்டு எங்கள் எல்லாரையும்விடச் சுகம், மஸ்கட்டில் நீயும் உன் அறைக்காரர்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தை என் கையாலேயே எழுதினேன், அதை நாலு பேர் கூடி உட்கார்ந்து படித்தும் பாதிக்கு மேல் விளங்கவில்லை, ‘நான்னா, எழுதுனீங்களா இல்ல தாள் மேல கோழி மேய்ஞ்சுதா’ என்று கேட்டிருந்தாய். அதனால் இந்த முறை நான் சொல்லச்சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், ஒரு சொல் கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது என்று அவள் புத்தகத்தின் மேலேயே கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். (அன்னய்யா, அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், அம்மாஜி. சத்தியம் வாங்கும்போது அடைப்புக்குறியைப் பற்றி நான்னா ஒன்றும் சொல்லவில்லை.)

முதலில் நீ எதைத் தேடி இந்த உறையைக் கிழித்தாயோ அதைச் சொல்லிவிடுகிறேன். பண்டுவின் காலில் ஒரு கோளாறும் இல்லை. இடுப்பிலும் இல்லை, முதுகிலும் இல்லை, காக்கிநாடாவில் டாக்டரம்மா புரட்டிப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வரட்டுமா, டிக்கெட் எடுக்கட்டுமா என்று எழுதியிருந்தாயே, எடுக்காதே. ‘அதிரசம் தின்னு இத்தன மாசம் ஆச்சு, ஊர்ல எல்லாருக்கும் செரிச்சிருக்கும், என் பொண்ணு மட்டும் ஏன் இன்னும் நடக்கல’ என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு நாகவேணி அன்று முழுக்கக் கொல்லையை விட்டு வரவில்லை. அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதே அப்பா, குறை அவளுடையது இல்லை, உன்னுடையது, அது எப்படி என்று பின்னால் வருகிறது, பொறுமையாகப் படி.

நம் வீட்டில் இந்த மாதிரி விஷயத்தை வரிசை தப்பிச் செய்ததில்லை என்பது உனக்கே தெரியும். பண்டு குப்புற விழுந்தபோது போளி தட்டித் தெருவுக்கெல்லாம் கொடுத்தோம், நீயும் இருந்தாய், நெய் போதவில்லை என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினாய். அடுத்தது தவழ்ந்தால் பாகு உருண்டை, நடந்தால் பிள்ளை மிதித்துப் போக அதிரசம், தானே வாசற்படி தாண்டினால் வடை, பேச்சு வந்தால் சர்க்கரைக் கிளி. தெருவே உருண்டைக்காகக் காத்திருந்தது, உன் மகளோ தவழவே இல்லை. முழங்காலைத் தரையில் ஊன்றவைத்தால் ஏதோ நெருப்பில் வைத்ததுபோல் மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தபடியே ஒரு காலை மடக்கி, மறுகாலைத் துடுப்பாக வீசி, கோதாவரியில் ஓடம் போவது மாதிரி வீடு முழுக்கப் போவாள், போகிற வேகத்தில் பூனை ஒதுங்கும். சரி, நேரே நடக்கப் போகிறாள் போலிருக்கிறது என்று நாங்களும் இருந்தோம். அப்போதுதான் உன் பெரியத்தை வெங்காயம்மா வந்தாள். (அத்தை வந்தால் எல்லார் கண்ணிலும் தண்ணீர் வரும், பேருக்கு ஏற்ற வேலை.) பண்டு கொல்லையில் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்து எழுந்து நின்றிருக்கிறாள், கன்று புல்லைப் பார்த்து நகர்ந்திருக்கிறது, கயிற்றோடு இவளும் இரண்டடி போய்ப் பொத்தென்று உட்கார்ந்திருக்கிறாள். என் அக்கா அங்கிருந்தே கூவினாள், பிள்ளை அடி எடுத்து வைத்துவிட்டாள், நானே கண்ணால் பார்த்தேன் என்று. நான் கொஞ்ச நாள் பார்க்கலாம் அக்கா என்றேன், மறுநாள் ஆஷாடம் பிறக்கிறது, ஒரு மாதம் நல்லது எதுவும் செய்யக்கூடாது, அதற்குள் பிள்ளை யார் வீட்டுத் தரையிலாவது நடந்துவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டாள். பொழுது சாய்வதற்குள் அடுப்பில் வெல்லப்பாகு ஏறிவிட்டது. வெள்ளை வேட்டி விரித்து, எள் தூவிய அதிரசங்களை வரிசையாக வைத்து, ஒரு கையை நாகவேணியும் மறு கையை அம்மாஜியும் பிடித்துக்கொண்டு, கொடியில் காயும் சட்டையை நகர்த்துவது மாதிரி குழந்தையை அந்த முனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு அதிரசம்கூட உடையவில்லை, கால் பட்டால்தானே உடைய. அதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை, எடுத்து எடுத்துத் தின்றோம்.

அதற்குப் பிறகு பட்ட பாட்டை உனக்கு முழுக்க எழுதவில்லை, எழுதி என்ன செய்ய, கடல் தாண்டி இருக்கிறவன் தூக்கம் கெடுவதுதான் மிச்சம். தசரா போனது, தீபாவளி போனது, பண்டு ஓடத்திலிருந்து இறங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண் கனகரத்னத்தின் மகன் சந்து நம் பண்டுவுக்கு ஒரு வாரம் இளையவன், அவன் குதிரைக்குட்டி மாதிரி ஓடுகிறான், அவனை ஓடவிட்டுக் காட்டுவதற்காகவே அந்தப் பெண் தினமும் காலையில் நம் வாசலுக்குத் தண்ணீர் குடிக்க வரும், அவர்கள் வீட்டில் கிணறு இல்லையா என்ன. சங்கராந்திக்கு நாகவேணி அதிரசம் சுடும்போது எட்டிப் பார்த்து, “ஏன் நாகவேணி, இது பண்டிகைக்கா, பண்டுவுக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனது. நாகவேணி கரண்டியை எண்ணெயில் கொஞ்சம் ஓங்கிப் போட்டாள். அக்கா யோசித்து, முழங்காலுக்குச் சேரவேண்டிய பலகாரத்தைக் கொடுக்காமல் விட்டோமே, அந்தக் கோபம்தான் இது என்று கண்டுபிடித்தாள், உடனே பழைய பாக்கிக்குப் பாகு உருண்டையும் பிடித்துக் கொடுத்தோம், தெருவில் எல்லாருக்கும் திருப்தி, பண்டு மட்டும் அதே இடத்தில். (ரொட்டிக் கடை மாமா என்னிடம், இவள் இப்படியே உட்கார்ந்திருந்தால் நம் தெருவில் யாரும் அடுப்பு மூட்டவே வேண்டாம் என்றார். நான் அவர் சைக்கிளில் காற்றை இறக்கிவிட்டேன். நான்னா கடைக்கு ஒரு வேலை.) நானும் சும்மா இருக்கவில்லை, பழைய ரிம்மில் துணி கட்டி, அடியில் பால் பேரிங் வைத்துச் சக்கரம் மாட்டி, நடுவில் அவளை உட்காரவைக்கிற மாதிரி ஒரு வண்டி செய்தேன், அவள் கால் விரலால் ஒரு தள்ளு தள்ளினாள், வண்டி நேரே கிணற்றுப் பக்கம் போனது, உன் அம்மா குறுக்கே விழுந்து பிடித்தாள், அந்த முழங்கால் வலி இப்போதுதான் தேறி வருகிறது.

கடைசியில் அக்கா, ஆற்று மணலில் குழி பறித்துப் பிள்ளையை இடுப்பு வரை புதைத்து வைத்தால் கால் இறுகும் என்றாள். இரண்டு மூன்று பேர் ஆமாம் என்றார்கள், எனக்கும் வேறு வழி தெரியாமல் மண்வெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன். நாகவேணி எத்தனை சாது என்று உனக்குத் தெரியும், இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் எதிரே குரல் உயர்த்தியதில்லை, அன்றும் உயர்த்தவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, “மாமய்யா, என் பொண்ணு கத்திரிச்செடி இல்ல, மண்ணுல வெக்கறதுக்கு. ஆஸ்பத்திரிக்கு வர்றீங்களா, நானே பஸ் ஏறிப் போகட்டா?” என்றாள். நான் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டேன். (நடக்காத பிள்ளையை நடச் சொன்னால் யார்தான் சும்மா இருப்பார்கள்.) உண்மையைச் சொல்லவேண்டுமென்றால், ஆஸ்பத்திரி என்றதும் எனக்குப் பயம்தான். அதற்கு முந்தின நாள்தான் அந்த லாட்டரிச் சீட்டு விற்கிற தம்பி, கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியைக் கடைக்குக் கொண்டுவந்திருந்தான், செயின் மாற்ற. எத்தனையோ தடவை மாற்றியிருக்கிறேன், அன்றைக்கு அந்த வண்டியைத் தொட மனம் வரவில்லை. இன்னொரு நாள் வா தம்பி என்று அனுப்பிவிட்டேன், அவனுக்கு எதுவும் தெரியாது, பாவம், என்ன மாமா உடம்பு சரியில்லையா என்று என்னை விசாரித்துவிட்டுப் போனான்.

உன் அம்மாவும் கூடவே வந்தாள். ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும், நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் பண்டுவோடு உட்கார்ந்துகொண்டார்கள். பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டினார்கள், திரும்பினாள். தரையில் பொரி போட்டார்கள், இரண்டு விரல் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றுவிட்டு இன்னும் வேண்டும் என்று கை நீட்டினாள். அம்மா எங்கே என்றால் நாகவேணியைக் காட்டினாள், எப்போது குப்புற விழுந்தாள், எப்போது உட்கார்ந்தாள், என்னென்ன சொல்கிறாள் என்று எல்லாம் கேட்டார்கள், கதவுக் கீல் பார்க்கிற மாதிரி இரண்டு தொடையையும் விரித்து மடக்கிப் பார்த்தார்கள், பெஞ்சைப் பிடித்து நிற்கவைத்தார்கள், நின்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, “பாப்பாவுக்கு நடக்க முடியாம இல்லைங்க, நடக்க அவசியம் வரல. உக்காந்தபடியே ஊர் சுத்த வழி கண்டுபிடிச்சிட்டாளே” என்றார்கள். இப்படி உட்கார்ந்து நகர்கிற பிள்ளைகள் உண்டாம், அவர்கள் தவழாமலே விட்டுவிடுவார்களாம், நடப்பதும் கொஞ்சம் தாமதமாகத்தான் நடப்பார்களாம். பல குடும்பங்களில் இது வழிவழியாகவும் வரும், உங்கள் வீட்டில் வேறு யாராவது இப்படி இருந்தார்களா என்று கேட்டார்கள். நான் நம் வீட்டில் யாரும் இல்லையம்மா என்று நிமிர்ந்து சொன்னேன். உன் அம்மா முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, “இதோட அப்பன்” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். யாரு, நம்ம சத்திபாபுவா என்றேன். “உங்களுக்கெங்க தெரியும், கடையே கதின்னு கெடந்தீங்க. ரெண்டு வயசு வரைக்கும் அவன் வீட்ட உக்காந்தே பெருக்கினான். நிஜாருக்குப் பின்னாடி ஒட்டுத் துணி வெச்சுத் தெச்சே என் கண்ணு போச்சு” என்றாள். அப்படியென்றால் அவனுக்கு ஒரு வயதிலேயே அதிரசம் போட்டோமே, எனக்கு நன்றாக நினைவிருக்கிறதே என்றேன். “அதையும் உங்க அக்காதான் போட்டா. ஊரே தின்னுட்டுப் போன பின்னாடி, நடக்கலன்னு நான் எந்த வாயால சொல்றது?” என்றாள். டாக்டரம்மா புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். நாகவேணி சிரிக்க ஆரம்பித்தாள், இத்தனை மாதத்தில் அந்தப் பெண் சிரித்து நான் பார்க்கவில்லை, சிரித்துச் சிரித்துக் கடைசியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், பண்டு அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் வெளியே போய் ஒரு சோடா குடித்துவிட்டு வந்தேன். (ஒன்று இல்லை. அம்மா சொன்னாள், மூன்று. கண்ணும் சிவந்திருந்ததாம், கோலி சோடா கண்ணுக்குள் போய்விட்டது போல.) மாம்பழக் காலம் முடிவதற்குள் நடக்காவிட்டால் மறுபடி கொண்டு வாருங்கள், அதுவரை தரையில் வெறுங்காலோடு விடுங்கள், பிடித்த பொருளைக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள், உட்காரவைத்து உருட்டுகிற வண்டி மட்டும் வேண்டவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வந்த அன்றே வண்டியைக் கழற்றிவிட்டேன், பேரிங் லாட்டரித் தம்பியின் வண்டிக்கு ஆயிற்று, செயினும் மாற்றிக் கொடுத்தேன்.

இதெல்லாம் படித்தே நீ டிக்கெட் ஆசையை விட்டிருப்பாய், ஆனால் சேதி இத்தோடு முடியவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை நான் கடையில் ஒரு பின்சக்கரத்தைக் கவையில் மாட்டிக் கோணல் எடுத்துக்கொண்டிருந்தேன். சக்கரம் சுற்றுவது என்றால் பண்டுவுக்கு உயிர், வீட்டுக்குள்ளிருந்து பார்த்துவிட்டாள், ஓடம் புறப்பட்டுவிட்டது. வாசற்படியில் சறுக்கி இறங்கினாள், அங்கே ஓடம் நின்றுவிட்டது. முற்றம் முழுக்க ஈரம். பங்சர் பார்க்கிற தொட்டி எப்படியோ கவிழ்ந்து வீட்டுக்கும் கடைக்கும் நடுவே ஒரே சேறாகக் கிடந்தது, பூனையாக இருக்கும். (பூனை பத்தாம் வகுப்புப் படிக்கிறது. கனகரத்னம் அக்கா வருகிற நேரம் பார்த்துத்தான் பூனை கவிழ்த்தது, அவர்கள் அன்றைக்கென்று வரவில்லை.) பண்டு சேற்றில் கையை வைத்தாள், எடுத்துப் பார்த்தாள், சட்டையில் துடைத்தாள். உன் மகளுக்கு அழுக்கு ஆகாது, சோற்றுப் பருக்கை ஒட்டினாலே விரலை நீட்டிக்கொண்டு உட்காருவாள். சேற்றைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், மறுபடி சேற்றைப் பார்த்தாள். கதவு நிலையைப் பிடித்து எழுந்தாள். நான் கூப்பிட வாயைத் திறந்து மூடிக்கொண்டேன், கூப்பிட்டால் உட்கார்ந்துவிடுவாளோ என்று பயம், சக்கரம் நின்றாலும் உட்கார்ந்துவிடுவாளோ என்று அதற்கும் பயம், அவளைப் பார்க்காத மாதிரி சக்கரத்தைத் தட்டித் தட்டிச் சுற்றிக்கொண்டே இருந்தேன். நிலையை விட்டாள். இரண்டு கையையும் தராசு மாதிரி விரித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, நடந்து வந்தாள் அப்பா, ஒரு கயிறும் இல்லை, ஒரு கன்றும் இல்லை. எத்தனை அடி என்று கேட்காதே, யாரும் எண்ணவில்லை. நாகவேணி அடுக்களை வாசலில் கஞ்சிக் கரண்டியோடு நின்றாள், கஞ்சி அவள் காலிலேயே சொட்டியது அவளுக்குத் தெரியவில்லை. வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தன் காலைக் காட்டி “ச்சீ” என்றாள். அவ்வளவுதான். நான் அவள் காலைக் கழுவிவிட்டேன், கை நிறைய கிரீஸ், கழுவக்கழுவ அழுக்கு கூடியதே தவிரக் குறையவில்லை.

இனிமேல்தான் சண்டை. அக்கா கேள்விப்பட்டு வந்து முத்தமெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, அதிரசம் ஒரு தடவைதான், இரண்டாம் தடவை போட்டால் முதலில் போட்டது பொய் என்று ஆகாதா, ஊர் என்ன சொல்லும், வேண்டுமானால் வடை சுட்டுக்கொள்ளுங்கள் என்றாள். நானும் உன் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நாகவேணி அரிசியை ஊறப்போட்டுக்கொண்டே சொன்னாள், “பொய்யில்ல அத்தம்மா. அன்னிக்கி நடந்தது கன்னுக்குட்டி, அதுக்கு அதிரசம் போட்டோம். இன்னிக்கி நடந்தது என் பொண்ணு.” அக்காவே கலகலவென்று சிரித்துவிட்டு, பாகு பதம் இந்த வீட்டில் யாருக்குத் தெரியும், நகருங்கள் என்று அடுப்படிக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். நேற்று மறுபடி வேட்டி விரித்தோம். யாரும் கை பிடிக்கவில்லை. பண்டு முதல் அதிரசத்தின்மேல் ஏறி நின்று யோசித்தாள், பிறகு மிதித்துக்கொண்டு போனாள், காலடியில் நொறுக் நொறுக்கென்று உடைந்தது, ஒவ்வொன்று உடையும்போதும் உன் அம்மா கண்ணை மூடி மூடித் திறந்தாள். கனகரத்னம்கூடச் சந்துவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தது, நல்லா மிதிக்கிறா என்றது, தட்டு நிறையக் கொடுத்து அனுப்பினோம். கன்றுக்குட்டிக்கும் ஒன்று கொடுத்தோம், அது பழைய ருசி என்று கண்டுகொண்டது போலிருந்தது.

அடுத்த தெரு ஏசுபாபு ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் இந்தக் கடிதமும் ஒரு டப்பாவும் வரும். மேலே இருக்கிற முழு அதிரசங்கள் உன் அறைக்காரர்களுக்கு. அடியில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒன்று தனியாக இருக்கும், அது உடைந்திருக்கும், உடைத்துக் கொண்டுவந்தான் என்று ஏசுபாபுவோடு சண்டைக்குப் போகாதே, அதை உடைத்தது உன் மகளின் குதிகால். அது உனக்கு மட்டும்.

தேங்காய் விலை இந்த மாதம் பரவாயில்லை. அம்மாஜி அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் (அன்னய்யா, இங்கே மை கொட்டிவிட்டது). நடந்தால் கீச்சுக் கீச்சென்று சத்தம் போடுகிற செருப்பு வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய், அதை இப்போது அனுப்பாதே, வெறுங்காலில் பழகட்டும், அடுத்த சங்கராந்திக்கு வரும்போது நீயே கொண்டுவந்து நீயே மாட்டிவிடு. ஒப்பந்தம் முடிகிறவரை நிம்மதியாக வேலையைப் பார், வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள், நாகவேணிக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, அதில் கேள்வி எதுவும் வைக்காதே. நீ எந்தக் காலில் நின்றாலும் அது தடுமாறாமல் இருக்கட்டும், நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு என்று நானும் உன் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். பஸ் நிறுத்தத்தில் இறங்கியதும் அங்கேயே நில், வீட்டுக்கு ஓடி வராதே. அவள் நடந்து வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவாள்.

இப்படிக்கு,
உன் நான்னா
நூகராஜு

(கையெழுத்து மட்டும் நான்னாவே போட்டார். கோழி மேய்ந்த மாதிரி இருப்பது அதுதான். பக்கத்தில் இருக்கிற கிரீஸ் கறை பண்டுவுடைய கட்டைவிரல், அவளும் கையெழுத்துப் போடுவேன் என்று நடந்து வந்துவிட்டாள்.)